பல்செட்டுக்காரரின் சுறா

முதல் சந்திப்பிலேயே எனக்கு அவர் மேல் கோபம் வந்துவிட்டது. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, ஆறு டைப்ரைட்டர்களை ஏற்றி, அன்றுதான் பால் காய்ச்சியிருந்தேன். கீழ்க்கடைக்காரர் ஆயிற்றே என்று ஒரு டம்ளர் பாலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர், நல்லா இருங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சிரித்த சிரிப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “கீழ வலது பக்கம் ஒண்ணு எடுத்திருக்கீங்க போல. எந்த வயசுலங்க?” என்றார்.

ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. தட்டச்சு படிக்க வந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் எல்லோரிடமும் அப்படித்தானாம். தாசில்தாராக இருந்தாலும் தயிர் விற்கிற அம்மாவாக இருந்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பாராம், முகம் பிறகுதான்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஊரே பல்செட்டுக்காரர் என்றுதான் சொன்னது. கடைப் பலகையிலும் பெயர் கிடையாது. இளஞ்சிவப்பு ஈறும் வெள்ளைப் பல்லுமாக ஒரு பெரிய வாய், அவ்வளவுதான். அந்தப் பலகையை எழுதிய பெயிண்டர் மேலே பதினாறு, கீழே பதினைந்து என்று போட்டுவிட்டுப் போய்விட்டார். இவர் எண்ணிப் பார்த்து, பெயிண்டரைச் சாப்பாட்டுக் கடையிலிருந்து பாதியில் எழுப்பிக்கொண்டு வந்து, ஏணி போட்டு அந்த ஒரு பல்லையும் வைக்கச் சொல்லியிருக்கிறார். இடம் இல்லாமல் கடைசிப் பல் சட்டத்தின் மேல் ஏறி நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

பொய் சொல்லத் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகவே சொல்வார். செட்டு நாளைக்கு ரெடி என்று ஒரே ஆளிடம் நான்கு நாள் சொல்வார். பீடியை விட்டு வருஷமாச்சு என்று மனைவியிடம் சொல்லிவிட்டு என் மாடிப்படிக்கு அடியில் நின்று பிடிப்பார். ஆனால் பல் விஷயத்தில் மட்டும் அவருக்குப் பொய் வராது. ரிஷிவந்தியம் பக்கம் ஒரு கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. பெண் வீட்டார் வந்து, மாப்பிள்ளைக்கு முன்பல் இரண்டும் சொந்தம்தானா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லீங்க, அது நான் வெச்சது என்று சொல்லிவிட்டார். மறுநாள் மாப்பிள்ளையின் சித்தப்பா கடை வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினார். மாடி ஜன்னலிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கேட்டாங்க, சொன்னேன்” என்றார் இவர். “கேக்காம இருந்தா நானா போயி சொல்லியிருப்பனா?”

அதுதான் அவருடைய சட்டம். கேட்டால் மறைக்கக் கூடாது. கேட்காவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. பல் கட்டுகிறவருக்கு அதைவிட நல்ல சட்டம் இருக்க முடியாது என்றுதான் எனக்கும் தோன்றியது. கல்யாணமும் கடைசியில் நடந்துவிட்டது.

இனி சுறாவுக்கு வருகிறேன். ஊருக்கு வெளியே ஏரிப்பக்கம் ஒரு சுண்ணாம்புக் காளவாய் இருந்தது. அரியலூர் பக்கத்திலிருந்து லாரியில் கல் வரும். உடைத்து, அடுக்கி, வேகவைத்துச் சுண்ணாம்பாக்குவார்கள். அங்கே கல் உடைக்கிற ஒரு அம்மா கடைவாய் வலிக்கு இவரிடம் வந்தவர், முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பல்லை எடுத்து வைத்தாராம். கல்லுக்குள்ளே இருந்தது, இது எந்த மாட்டுப் பல்லு என்று கேட்டிருக்கிறார். கட்டைவிரல் நகம் அளவு. பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். ஓரத்தில் தடவினால் அரிவாள் கருக்கு போல நெருடும்.

அவரால் சொல்ல முடியவில்லை. எந்தப் பல்லைக் கையில் கொடுத்தாலும் மேலா கீழா, இடமா வலமா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மனிதர். மூன்று நாள் கடையில் வேலை ஓடவில்லை. மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கசாப்புக் கடைக்குப் போனார். கடைசியில் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிற ஒருவரிடம் பதில் கிடைத்தது. அன்றுதான் முதல்முறையாக என் மாடிப்படி ஏறி வந்தார், இரண்டிரண்டு படியாக. ஆறு டைப்ரைட்டர்களும் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தையும் மீறிக் கேட்டது அவர் குரல்.

“டீச்சரம்மா, சுறாங்க! அரியலூரு கடலா இருந்துதாங்க!”

வகுப்பு நின்றுவிட்டது. நான் திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் திட்ட முடியவில்லை. கண் பளபளக்கிறது, உள்ளங்கையில் அந்தச் சின்னப் பல்.

“அதுக்கு எலும்பே கெடையாதாங்க. நம்ம காது மடலு இருக்குது பாருங்க, அந்த மாதிரி குருத்து. செத்துதுன்னா எல்லாம் கரைஞ்சிடும், பல்லு மட்டும் நிக்கும். கோடி வருசமா நின்னுக்கினு இருக்குது. நம்ம ஆளுங்களுக்கு உசுரோட இருக்கசொல்லவே போய்டுது. இன்னொண்ணு கேளுங்க. விழ விழ மொளைச்சிக்கினே இருக்குமாம், ஆயுசுக்கும். ஒரு சுறாகூட நம்ம கடைப் படி ஏறாதுங்க.”

பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஒரு மாதக் கோபம் அத்தோடு போயிற்று.

அதன்பிறகு காளவாய்க்கு லாரி வருகிற நாளெல்லாம் அவர் கடை பூட்டியிருக்கும். கல் வேகுமுன் பார்த்தாக வேண்டுமே. கட்டிக்கொண்டிருந்த செட்டு பாதியில் கிடக்க, பொக்கை வாயோடு நாலு பேர் வாசலில் காத்திருக்க, இவர் கல் குவியல் மேல் குந்திக்கொண்டு ஒவ்வொரு துண்டாகப் புரட்டுவார். இரண்டு வருஷத்தில் பல்பொடி டப்பாக்கள் ஏழு நிறைந்தன. ஒவ்வொன்றின் மேலும் மேல்வாய், கீழ்வாய், இடம், வலம் என்று எழுதி ஒட்டியிருந்தார். பெரும்பாலும் சின்னப் பற்கள்தான். விரல்நுனியில் நிற்கிறவை, மொச்சைக்கொட்டை அளவு, வேர் போனவை, பாதியாய் உடைந்தவை. எனக்கும் அந்தப் பித்து கொஞ்சம் தொற்றிக்கொண்டது. புது டப்பா திறந்தால் என்னைக் கூப்பிடாமல் திறக்கக் கூடாது என்று சண்டை போட்டிருக்கிறேன்.

ஆங்கிலப் பத்திரிகையில் அந்தச் செய்தியைப் பார்த்தது நான்தான். பாண்டிச்சேரியில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், உலகமெல்லாம் சுற்றிச் சுறாப் பல் சேர்த்திருக்கிறார் என்று போட்டிருந்தது. பல்செட்டுக்காரர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் கடிதம் அடித்தேன். பத்து நாளில் பதில் வந்தது. அவர் விலைக்கு வாங்குவதுமில்லை, விற்பதுமில்லையாம். பல்லுக்குப் பல் மாற்றிக்கொள்வது மட்டும்தானாம். உள்ளே ஒரு புகைப்படம் இருந்தது. விரித்த உள்ளங்கை மேல் ஒரு பல். உள்ளங்கை தெரியவில்லை, விரல் நுனிகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஏதோ ஒரு தேசத்து ஆற்றுப் படுகையில் எடுத்ததாம். அந்தச் சுறாவின் வாய்க்குள் ஒரு ஆள் குனியாமல் நடந்து போகலாம் என்று எழுதியிருந்தார். நம் அரியலூர்ச் சுறாக்களுக்கெல்லாம் பல காலம் பிந்தி வந்ததாம் அது.

அந்தப் படத்தைப் பல்செட்டுக்காரர் பனியன் பையிலேயே வைத்திருந்தார். நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் எடுத்துக் காட்டுவார். பாவம், அவர்கள் திறந்த வாய் திறந்தபடியே கேட்டார்கள்.

பிறகு அவர் செய்த காரியத்தை நேரில் பார்த்திராவிட்டால் நானே நம்பியிருக்க மாட்டேன். படத்திலிருந்த பல்லின் அளவை வைத்துக் கணக்குப் போட்டு, கூடை முடைகிறவரிடம் மூங்கிலை வளைத்து வாங்கி, அதன் மேல் துணி சுற்றிப் பிளாஸ்டர் பூசி, கடையின் பின்கட்டில் ஒரு சுறா வாயைக் கட்டி நிறுத்தினார். செட்டுக்கு ஈறு வைக்கிற அதே சிவப்பு மெழுகை ஈறாக வைத்தார். நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தே அதற்குள் நுழைந்து நின்றேன். தலை தட்டவில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது. பற்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் குழிகள். மேலே நடுவில் இருந்த குழியைத் தொட்டுக் காட்டினார்.

“இதுல ஒண்ணே ஒண்ணு நெசம் இருந்தா போதுங்க. மத்ததெல்லாம் நான் கட்டிக்குவேன்.”

அந்த ஒன்றுக்காகத்தான் எல்லாம். ஆனால் உள்ளங்கையை மறைக்கிற பல்லுக்கு மாற்றாக மொச்சைக்கொட்டையைக் கொடுக்க முடியுமா? அதற்குத் தகுந்த மாதிரி நம் பக்கத்துப் பல் ஒன்று வேண்டும்.

அது கல்வராயன் மலையில் கிடைத்தது. மாதம் ஒருமுறை வெள்ளிமலைச் சந்தைக்குப் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பல் பார்ப்பார். அந்த முறை ஒரு தாய் இடுப்பில் குழந்தையோடு வந்திருக்கிறாள். குழந்தை கழுத்தில் கறுப்புக் கயிற்றில் புலிப்பல். பயம் அண்டாமல் இருக்கக் கட்டுகிற வழக்கம்தான். இவர் தாயின் வாயை விட்டுவிட்டுக் குழந்தையின் கழுத்தையே பார்த்திருக்கிறார். விரல் நீளம், வேர் முழுசு, ஓரக் கருக்கு அப்படியே. தகப்பன், அரியலூர்ப் பக்கம் கல்லுடைக்கப் போன கூட்டாளி கொடுத்த புலிப்பல்லு என்று பெருமையாகச் சொல்லி, நல்ல புலிதானே என்று ஒரு வார்த்தை கேட்டும் விட்டான்.

கேட்டுவிட்டானே. இது புலி இல்லை, மீன் என்று இவர் சொல்லிவிட்டார்.

சந்தையே திரும்பிப் பார்த்ததாம். பிள்ளை கழுத்தில் மீன் பல்லைக் கட்டியவன் என்று பக்கத்தில் யாரோ சிரித்திருக்கிறார்கள். தகப்பனுக்கு ரோஷம் வந்து, கயிற்றை அறுத்து, மீனுன்னா நீயே வெச்சிக்க என்று வீசி எறிந்தான். பாறையில் பட்டு நுனி தெறித்துவிட்டது. ஒரு நெல்லளவு. இவர் ஒரு மணி நேரம் சந்தை மண்ணில் மண்டியிட்டுத் தேடியும் அந்தத் துணுக்கு கிடைக்கவில்லை. அடுத்த சந்தைக்கு அந்தக் குழந்தைக்கு வெள்ளிக் காப்பு ஒன்று வாங்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தார். தகப்பன் சிரித்துவிட்டானாம்.

ஆனால் நுனி போன பல்லை அப்படியே வைத்திருக்க அவர் கை விடவில்லை. நாலு நாள் உட்கார்ந்து செய்தார். செட்டுக்குப் போடுகிற பவுடரில் விளக்குக் கரி, டீத்தூள் சாயம், செங்கல் தூள் என்று எதை எதையோ கலந்து, நிறம் பிடித்து, நுனி வைத்து, நனைத்த உப்புத்தாளில் தேய்த்து முடித்தார். எனக்கு நடந்தது ஒன்றும் தெரியாது. அந்த வாரம் தாலுகா ஆபீசுக்குப் போகிற மனுக்களை அடித்துக் கொடுக்கவே எனக்கு நேரம் சரியாக இருந்தது. சாதிச் சான்றிதழ், வேலைக்கு விண்ணப்பம், ஊர்க் கூட்டத் தீர்மானம். இட ஒதுக்கீட்டுப் பேச்சு தெருவெல்லாம் சூடாக இருந்த காலம். என்னிடம் படித்த பையன்கள் பாதிப்பேர் வகுப்பை விட்டுக் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவில் இவர் வந்து, பெரிய பல்லு ஒண்ணு கெடைச்சிருக்குது, முழுசா இருக்குதுன்னு போடுங்க என்றார். முழுசா என்று ஆங்கிலத்தில் அடித்தேன். பல் கட்டுகிறவருக்குச் செட்டு வைத்த வாயும் முழு வாய்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வெள்ளைக்காரர் காரிலேயே வந்து இறங்கினார். தெருவே கூடிவிட்டது. உயரமான கிழவர், வெயிலில் சிவந்த கழுத்து. பல்செட்டுக்காரரின் நாற்காலியில் உட்கார வைத்தோம். வேறு நாற்காலி இல்லை. இவர் வழக்கப்படி அவர் வாயைப் பார்த்துவிட்டு, கீழே இரண்டும் தங்கம் என்று என் காதில் சொன்னார். கிழவர் மலைப் பல்லைக் கையில் வாங்கினார். வெளிச்சத்தில் திருப்பினார். ஒன்றும் கேட்கவில்லை. எழுந்துபோய்க் காரிலிருந்து ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார்.

நானும் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அம்மிக் குழவி போல கனம், தொட்டால் குளிர்ச்சி. இரண்டு ஓரமும் ரம்பம். பல்செட்டுக்காரர் அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, “மேல் வாய், நடு, இடது” என்றார். நான் மொழிபெயர்த்தேன். கிழவர் சிரித்துத் தலையாட்டினார். கார் தெருமுனை திரும்புவதற்குள் இவர் அந்தப் பல்லுக்கு அச்சு எடுத்துவிட்டார், தொழில் புத்தி. மாலைக்குள் அசல் பல் மெழுகு ஈற்றில் உட்கார்ந்துவிட்டது. ஒரு வாரம் கடையில் திருவிழா. பேருந்துக்கு நின்ற சனமெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

எட்டாம் நாள், ஒரு சனிக்கிழமை, கிழவரிடமிருந்து கடிதம் வந்தது. வரும் புதன்கிழமை தன் தேசத்துக்கே திரும்பிப் போகிறாராம். நன்றி சொல்லி எழுதியிருந்தார். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். ஒட்டுப்போடாத பல் உங்கள் பக்கத்திலிருந்து இதுவரை என் கைக்கு வந்ததே இல்லை, இந்தப் பல்லை எங்கள் ஊர் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப் போகிறேன், நுனியின் கூர்மையையும் தேய்மானத்தையும் வைத்து அந்தச் சுறா என்ன தின்று வாழ்ந்தது என்று அங்கே ஆராய்ந்து எழுதுவார்கள் என்று இருந்தது. நான் சந்தோஷமாக நிமிர்ந்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

“நுனி நாந்தாங்க வெச்சேன்” என்றார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. முழுசு என்று அடித்த கை என்னுடையது. முதலில் அவரை நன்றாகத் திட்டினேன். பிறகு நானே சமாதானத்துக்கும் வந்தேன். நாளை முதல் ஒரு வாரம் சாலை மறியல். மரங்களை வெட்டிப் போடப் போவதாகப் பையன்கள் சொல்லியிருந்தார்கள். தபாலும் ஓடாது, பஸ்ஸும் ஓடாது. புதன்கிழமை அந்த மனிதர் கிளம்பிவிடுவார். போனால் போகட்டும், அவர்தான் உங்களைக் கேட்கவே இல்லையே என்றேன். அவர் சட்டத்தையே எடுத்து அவர் முன்னால் போட்டேன்.

அவர் பின்கட்டுக்குப் போய் அந்தப் பெரிய வாயின் முன்னால் நின்றார்.

“மனுசன் வாயில வெச்சா பரவால்லீங்க. நாளைக்கி எவனாவது கேட்டா அவனே சொல்லிடுவான். சுறா சொல்லுமாங்க? நான் டீத்தூளு போட்டு தேய்ச்சத பாத்துட்டு, அது இன்னா தின்னுதுன்னு எழுதி வெப்பாங்க. படிக்கிற புள்ளைங்க அத நெசம்னு படிக்கும்.”

மெழுகைச் சூடாக்கி அந்தப் பல்லைக் குழியிலிருந்து அவரே பெயர்த்தார். நான் மேலே போய் அவர் பெயரில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடித்தேன். நுனி என் கைவேலை, தவறு என்னுடையது, உங்கள் பல்லைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன். மூன்றே வரி. கோபத்தில் இரண்டு தாள் கிழிந்து மூன்றாவதுதான் சரியாக வந்தது.

ஞாயிறு விடிந்ததும் சைக்கிளில் கிளம்பிவிட்டார். கேரியரில் துணி சுற்றிய பல், தொழில் பை, அவர் மனைவி கட்டிக் கொடுத்த புளிச்சோறு. பாண்டிச்சேரி நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்த வாரம் எங்கள் பக்கத்துச் சாலைகளில் புளியமரங்கள் வரிசையாக விழுந்து கிடந்தன. சில ஊர்களில் துப்பாக்கிச் சூடு, உயிர்ச் சேதம் என்று செய்தி வந்தது. அவர் மனைவி தினமும் என் படியில் வந்து உட்காருவார். ஒரு பல்லுக்காக ஒரு மனிதரைச் சாகக் கொடுத்துவிட்டோமோ என்று ஜன்னலிலிருந்து தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் டைப்ரைட்டர்கள் மூடிக் கிடந்தன.

சனிக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தார். கறுத்து, இளைத்து, செருப்பு ஒரு கால்தான். தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆரம்பித்தார். உளுந்தூர்ப்பேட்டைக்கு முன்னால் மறித்தவர்கள், ஒரு ஈ காக்கா போகக் கூடாது, திரும்பிப் போ என்று சொல்லிவிட்டார்களாம். இவர் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே அங்கே முழக்கம் எழுப்பிக்கொண்டிருந்த பெரியவரின் மேல்செட் கழன்று தார்ச்சாலையில் விழுந்து இரண்டாகப் போனது. பெரியவர் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க, கூட்டம் திகைக்க, இவர் அந்த இரண்டு துண்டையும் எடுத்துப் பார்த்திருக்கிறார். “வேற கை வேலைங்க. அவசரத்துல கட்டினது” என்று அந்த நேரத்திலும் குறை சொல்லியிருக்கிறார். விழுந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்து, பையைத் திறந்து பவுடரைக் குழைத்து ஒட்டிக் கொடுத்தாராம். பெரியவர் செட்டை மாட்டி, நாலு முழக்கம் போட்டுப் பார்த்தார். நின்றது. அதன்பின் இரண்டு இளைஞர்கள் கூடவே வந்து, அவர் சைக்கிளை மரத்துக்கு மரம் தூக்கித் தாண்டி வைத்து, எதிரே மறித்தவர்களிடமெல்லாம் பல்செட்டுக்காரர், விடுங்கடா என்று சொல்லி வழி வாங்கிக் கொடுத்தார்களாம்.

செவ்வாய் சாயங்காலம் கிழவரின் வீட்டை அடைந்திருக்கிறார். பெட்டியெல்லாம் கட்டி வைத்திருந்தது. கிழவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மலைப் பல்லைப் பெட்டியிலிருந்து எடுத்தார். எழுந்து தன் பெரிய பல்லை வாங்கித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டு, மலைப் பல்லை இவர் கையில் கொடுத்துவிட்டார். கை குலுக்கினார். ராத்திரி படுக்க இடமும் சாப்பாடும் கொடுத்து அனுப்பினார்.

எனக்கு மறுபடியும் ஆத்திரம். மூன்று நாள் மிதித்துக்கொண்டு போன மனிதனிடம் நீயே வைத்துக்கொள் என்று ஒரு பேச்சுக்காவது சொல்ல வேண்டாமா என்று கத்தினேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். முழுசுக்கு முழுசு என்றுதானே பேச்சு, அதுதானே முறை என்றார். அவர் மனைவி தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். இவர் வாங்கிக் கீழே வைத்தார். கண் திடீரென்று பளபளத்தது.

“ஆனா ஒண்ணுங்க டீச்சரம்மா. குடுக்கசொல்ல லென்ஸு வெச்சி பாத்தாரு. திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ஒட்டு எங்க இருக்குதுன்னு அவரால கண்டுபுடிக்க முடியலீங்க. நாந்தான் நகத்த வெச்சி காட்டினேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பை நான் மறக்கவே இல்லை. இழந்தது அவ்வளவு பெரிது. அதைவிடப் பெரிய பெருமை அந்த முகத்தில். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பிறகு தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, கேக்காட்டியும் தெரியணுங்க, ஒரு கோடாச்சும் போட்டிருக்கணும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மலைப் பல்லின் நுனியை அன்றே அரத்தால் ராவி எடுத்துவிட்டார். பெரிய வாயில் நடுக்குழிக்கு, அச்செடுத்து வார்த்த பிளாஸ்டர் பல்லை வைத்தார். அதற்கு வர்ணம் பூசவில்லை. வெள்ளை வெளேரென்று அது மட்டும் தனியாகத் தெரிந்தது. அதைப் பார்த்தவர்கள் எல்லாம், ஏன் அப்படியே விட்டுவிட்டீர்கள் என்று கேட்டார்கள். தெரியட்டும்னுதான் என்பார்.

அந்த வாரத்துக்குப் பிறகு அவர் கட்டிய ஒவ்வொரு செட்டின் உள்பக்கத்திலும் ஊசி முனையால் ஒரு சின்னக் கோடு இருக்கும். வாங்கிப் போனவர்களுக்கே தெரியாது.

எனக்குத் தெரிந்தது இரண்டு வருஷம் கழித்து. மழையில் என் மாடிப்படியிலேயே வழுக்கி விழுந்து, மேல் முன்பல் ஒன்று போயிற்று. அவர்தான் கட்டிக் கொடுத்தார். கண்ணாடியில் எத்தனை கோணத்தில் பார்த்தாலும் எது என்னுடையது, எது அவருடையது என்று எனக்கே தெரியவில்லை. உள்ளே மட்டும் நாக்கு நுனியில் ஏதோ தட்டுப்பட்டது. யார் கண்ணுக்கும் படாத இடத்தில் எதற்குக் கோடு என்று கேட்டேன்.

“நாக்குக்கு தெரியட்டுங்க” என்றார்.

அவர் போய்ப் பல வருஷமாகிவிட்டது. அந்தப் பல்லும் தேய்ந்து, நடுவில் ஒருமுறை மாற்றி, போன மாதம் விழுப்புரத்தில் மூன்றாவதாக ஒன்று வைத்தேன். சின்ன வயசு டாக்டரம்மா. வேலை முடிந்தது, எழுந்துக்கலாம் என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. உள்பக்கம் ஒரு கோடு போட வேண்டும் என்றேன். அவள் புரியாமல், பல்லில் கோடு எதுக்குங்க ஆன்ட்டி என்று கேட்டாள்.

கேட்டுவிட்டாளே. வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். காளவாயிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையுறையைக் கழற்ற மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் சின்ன ஊசி ஒன்றை எடுத்து, என் வாயைத் திறக்கச் சொன்னாள்.

படியிறங்கும்போது நாக்கால் தடவிப் பார்த்தேன். இருந்தது.